0/0 வந்த பிறகு (𝑥 − 2)-ஐ அடிப்பது எப்படி நியாயம்?

கேள்வி இதுதான். 𝑥 → 2 எனும்போது (𝑥² − 5𝑥 + 6) / (𝑥² − 4) என்பதன் எல்லை என்ன? 2-ஐ நேரடியாகப் போட்டால் 0/0 வருகிறது. விடைப் பக்கத்தில் −1/4 என்று இருக்கிறது. காரணிப்படுத்தி, மேலேயும் கீழேயும் இருக்கும் (𝑥 − 2)-ஐ அடித்துவிட்டால் அந்த விடை வந்துவிடுகிறது, அதில் சிக்கல் இல்லை. ஆனால் 𝑥 = 2 என்றால் 𝑥 − 2 பூஜ்ஜியம் ஆயிற்றே, பூஜ்ஜியத்தால் வகுக்கவே கூடாது என்று சின்ன வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுத்துவிட்டு இங்கே மட்டும் எப்படி அதை அடிக்கலாம்?

நல்ல சந்தேகம். பெரும்பாலானவர்கள் இதைக் கேட்காமலேயே தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதே சந்தேகத்தை 1734-இல் ஜார்ஜ் பெர்க்லி என்ற தத்துவவாதி நியூட்டனின் நுண்கணித முறையைப் பார்த்துக் கேட்டார்: வகுக்கும்போது அந்தச் சிறு அளவு பூஜ்ஜியம் இல்லை என்கிறீர்கள், வகுத்து முடித்ததும் அதே அளவைப் பூஜ்ஜியம் என்று தூக்கி எறிகிறீர்கள், இரண்டில் எது உண்மை? அன்றைக்கு யாரிடமும் ஒழுங்கான பதில் இல்லை. 1821-இல் கோஷி என்ற கணிதவியலாளர் எல்லை என்ற கருத்தை வைத்து நுண்கணிதத்தைக் கட்டி, அப்புறம் வையர்ஸ்ட்ராஸ் என்ற இன்னொரு கணிதவியலாளர் அதை இன்னும் கறாராக்கிய பிறகுதான் விஷயம் தெளிந்தது. ஆகவே உங்களுக்குக் குழப்பம் வந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், எல்லை எடுக்கும்போது 𝑥 ஒருபோதும் 2 ஆவதில்லை. 1.9, 1.99, 1.999 என்று நெருங்கும், அந்தப் பக்கத்திலிருந்து 2.1, 2.01, 2.001 என்றும் நெருங்கும், ஆனால் 2-ஐத் தொடாது. எல்லையின் வரையறையில் 0 < |𝑥 − 2| < δ என்று ஒரு வரி வரும் (δ என்பது ஒரு சின்ன நேர்மறை எண்). பலர் அந்த வலப்பக்க δ-வையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இடப்பக்கம் இருக்கும் "0 <" என்ற சின்னத் துணுக்கைக் கவனிப்பதில்லை. உங்கள் கேள்விக்கான பதில் அந்தத் துணுக்கில்தான் இருக்கிறது. |𝑥 − 2| பூஜ்ஜியத்தைவிடப் பெரியது என்றால் 𝑥 − 2 பூஜ்ஜியம் இல்லை. பூஜ்ஜியம் இல்லாத ஒன்றை மேலும் கீழும் அடிக்கலாம், அதில் ஒரு தவறும் கிடையாது.

அடித்துப் பார்ப்போம்.

(𝑥² − 5𝑥 + 6) / (𝑥² − 4) = (𝑥 − 2)(𝑥 − 3) / (𝑥 − 2)(𝑥 + 2) = (𝑥 − 3) / (𝑥 + 2), இங்கே 𝑥 ≠ 2

கடைசியில் இருக்கும் அந்த "𝑥 ≠ 2" அலங்காரத்துக்குப் போட்டது இல்லை. முதலில் இருந்த சார்புக்கு 2-இல் மதிப்பே கிடையாது. சுருக்கிய சார்புக்கு 2-இல் மதிப்பு உண்டு, −1/4. எனவே இரண்டும் ஒரே சார்பு இல்லை. 2 என்ற ஒரே ஒரு புள்ளியைத் தவிர, இரண்டுக்கும் பொருள் இருக்கும் மற்ற எல்லா இடத்திலும் ஒத்துப்போகும் இரண்டு வெவ்வேறு சார்புகள். எல்லை என்பது அந்த ஒற்றைப் புள்ளியில் என்ன நடக்கிறது என்று கேட்பதே இல்லை, அக்கம்பக்கத்தை மட்டும்தான் விசாரிக்கிறது. அக்கம்பக்கத்தில் இரண்டும் ஒன்று என்பதால் எல்லையும் ஒன்று. சுருக்கிய சார்பு 2-இல் தொடர்ச்சியானது, அதாவது அங்கே அதன் எல்லையும் மதிப்பும் ஒன்றே, அதனால் அதில் மட்டும் தைரியமாக 2-ஐப் போடலாம்: (2 − 3)/(2 + 2) = −1/4. அதாவது கடைசியில் 2-ஐப் போடுவது பழைய சார்பில் இல்லை, புதிய சார்பில். பெர்க்லியின் முரண்பாடு இங்கேதான் அவிழ்கிறது.

நம்பிக்கை வராவிட்டால் எண்ணைப் போட்டே பாருங்கள், சுருக்காத பழைய வடிவத்திலேயே. 𝑥 = 1.99 என்றால் மேலே 3.9601 − 9.95 + 6 = 0.0101, கீழே 3.9601 − 4 = −0.0399, வகுத்தால் −0.2531. இப்போது 𝑥 = 2.01: மேலே 4.0401 − 10.05 + 6 = −0.0099, கீழே 0.0401, வகுத்தால் −0.2469. மேலேயும் கீழேயும் தனித்தனியாகப் பூஜ்ஜியத்தை நோக்கி ஓடிக்கொண்டிருக்கின்றன, ஆனால் அவற்றின் விகிதம் −0.25-ஐ விட்டு எங்கும் போகவில்லை. 0.0101-உம் −0.0399-உம் இரண்டுமே சின்ன எண்கள்தான், ஆனால் கீழே இருப்பது அளவில் ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிய சின்ன எண். அந்த நான்கு மடங்குதான் விடையில் 1/4 ஆக வருகிறது, எதிர்க்குறியோடு. ஒன்று மட்டும்: கால்குலேட்டரில் 2-க்கு மிகமிக அருகே போய் விளையாட வேண்டாம். ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது அதனிடம் இருக்கும் இலக்கங்கள் தீர்ந்துபோய் கன்னாபின்னா என்று ஏதாவது காட்டும். 2.001 வரை போனால் போதும்.

சரி, அடிப்பது நியாயம் என்று ஆகிவிட்டது. அடிக்க ஒரு பொதுக் காரணி இருக்கும் என்பது எப்படித் தெரியும்? 0/0 என்பதே அதைச் சொல்லிவிடுகிறது. 0/0 ஒரு விடை இல்லை, "எல்லை இல்லை" என்ற தீர்ப்பும் இல்லை, அது ஒரு துப்பு. காரணித் தேற்றம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு பல்லுறுப்புக்கோவையில் 2-ஐப் போட்டால் 0 வருகிறது என்றால் (𝑥 − 2) அதற்கு ஒரு காரணி. தொகுதியிலும் 0, பகுதியிலும் 0 என்றால் இரண்டிலும் (𝑥 − 2) கட்டாயம் இருக்கிறது. இது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால், காரணிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு காரணி ஏற்கெனவே தெரியும், மற்றதை வகுத்து எடுத்தால் போதும். 𝑥² − 5𝑥 + 6-க்கு "பெருக்கினால் 6, கூட்டினால் −5" என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட, (𝑥 − 2) உள்ளே இருக்கிறது, மாறிலி 6 வர வேண்டுமானால் மற்றது (𝑥 − 3) ஆகத்தான் இருக்கும் என்று ஒரே பார்வையில் எழுதிவிடலாம்.

முப்படியில் இதன் அருமை தெரியும். 𝑥 → 1 எனும்போது

(𝑥³ − 3𝑥 + 2) / (𝑥³ − 𝑥² − 𝑥 + 1)

1-ஐப் போட்டால் 0/0. ஆகவே (𝑥 − 1) இரண்டிலும் உண்டு. தொகுமுறை வகுத்தல் (கெழுக்களை மட்டும் வைத்து வகுக்கும் முறை) செய்யும்போது மேலே இருப்பதன் கெழுக்களை 1, 0, −3, 2 என்று எழுத வேண்டும். அந்த 0-வை விட்டுவிட்டு 1, −3, 2 என்று எழுதிக் கணக்கைக் கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம் (நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டம்தான்). 𝑥² உறுப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் இடம் காலியாக இருக்கிறது, அதை 0 போட்டு நிரப்ப வேண்டும். வகுத்தால் மேலே 𝑥² + 𝑥 − 2, கீழே 𝑥² − 1. மறுபடி 1-ஐப் போட்டுப் பாருங்கள், மறுபடி 0/0! இங்கே பலர் பயந்து எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று முதல் வரிக்கே திரும்பிவிடுவார்கள். தப்பு ஒன்றுமில்லை, (𝑥 − 1) இரண்டு தடவை ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு முறை எடுத்தால் (𝑥 + 2)/(𝑥 + 1), எல்லை 3/2.

இதையே வேறு விதமாகவும் செய்யலாம், எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். 𝑥 = 1 + 𝑡 என்று போடுங்கள், 𝑥 → 1 என்பது 𝑡 → 0 என்று ஆகிவிடும். மேலே விரித்தால் 1 + 3𝑡 + 3𝑡² + 𝑡³ − 3 − 3𝑡 + 2, மாறிலிகள் போய்விடும், 𝑡 உறுப்புகளும் போய்விடும், மிஞ்சுவது 3𝑡² + 𝑡³. கீழே அதேபோல் 2𝑡² + 𝑡³. இப்போது பொதுக் காரணி எது என்று யாரும் சொல்ல வேண்டாம், 𝑡² கண்முன்னே நிற்கிறது. அதை எடுத்தால் (3 + 𝑡)/(2 + 𝑡), அதாவது 3/2. காரணிப்படுத்தத் தெரியாது என்று கைவிரிப்பவர்களுக்கும் இது கைகொடுக்கும், ஏனென்றால் இதில் தேவை வெறும் விரித்தல் மட்டுமே. அதோடு எந்தக் காரணி எத்தனை தடவை இருக்கிறது என்பதும் ஒரே மூச்சில் தெரிந்துவிடுகிறது.

அந்த "எத்தனை தடவை" முக்கியம். மேலேயும் கீழேயும் சம எண்ணிக்கையில் இருந்தால் இரண்டும் தீர்ந்து, பூஜ்ஜியம் அல்லாத ஓர் எண் கிடைக்கும். மேலே அதிகம் இருந்தால் அடித்த பிறகும் மேலே ஒன்று மிஞ்சும், எல்லை 0. கீழே அதிகம் இருந்தால்தான் வம்பு. உதாரணமாக (𝑥² − 5𝑥 + 6)/(𝑥 − 2)², 𝑥 → 2. ஒரு (𝑥 − 2)-ஐ அடித்தால் (𝑥 − 3)/(𝑥 − 2). இப்போது 2-ஐப் போட்டால் −1/0. இதற்கு மேல் அடிக்க எதுவுமில்லை. 2-க்குச் சற்று இடப்பக்கம் பகுதி ஒரு சின்ன எதிர்மறை எண், மேலே −1-க்குப் பக்கம், ஆகவே மதிப்பு +∞-ஐ நோக்கிப் போகும். வலப்பக்கம் பகுதி நேர்மறை, மதிப்பு −∞-ஐ நோக்கிப் போகும். இருபக்கமும் ஒத்துப்போகாததால் எல்லை இல்லை. கீழே மிஞ்சுவது (𝑥 − 2)² போல இரட்டைப்படை அடுக்காக இருந்தால் இருபக்கமும் ஒரே திசையில் ஓடும், ஒற்றைப்படையாக இருந்தால் எதிரெதிர்த் திசையில்.

0/0-க்கும், பூஜ்ஜியம் அல்லாத எண்/0-க்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடத்தில் பார்த்துவிட்டால் மறக்காது. நம் முதல் சார்பையே எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பகுதி 2-இலும் பூஜ்ஜியம், −2-இலும் பூஜ்ஜியம். 2-இல் மேலேயும் பூஜ்ஜியம், அதனால் வளைவரை அங்கே அமைதியாகப் போகிறது, (2, −1/4) என்ற ஒரே ஒரு புள்ளி மட்டும் ஊசியால் குத்தி எடுத்ததுபோல் காணாமல் போயிருக்கும். இதைத்தான் நீக்கக்கூடிய தொடர்ச்சியின்மை என்கிறோம். −2-இல் மேலே 4 + 10 + 6 = 20, கீழே 0, அங்கே வளைவரை மேலும் கீழுமாகப் பிய்த்துக்கொண்டு முடிவிலிக்கு ஓடுகிறது. கணினியில் வரைந்தால் 2-இல் இருக்கும் ஓட்டை பெரும்பாலும் தெரியாது, ஒரு புள்ளிக்கு அகலம் ஏது. படத்தைப் பார்த்து ஓட்டையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி தப்பு எங்கே நடக்கிறது என்று பார்ப்போம். முதல் இடம், காரணியை அடிப்பதற்குப் பதில் உறுப்பை அடிப்பது. (𝑥² − 5𝑥 + 6)/(𝑥² − 4) என்பதில் மேலே ஒரு 𝑥², கீழே ஒரு 𝑥² இருக்கிறதே என்று இரண்டையும் அடித்தால் (−5𝑥 + 6)/(−4), 2-ஐப் போட்டால் 1. அழகான முழு எண், அதனாலேயே சந்தேகம் வராது, ஆனால் முழுத் தப்பு. பெருக்கலில் கட்டுண்டிருப்பதை மட்டும்தான் அடிக்க முடியும், கூட்டலில் நிற்பதை அடிக்க முடியாது. காரணிப்படுத்துகிறோம் என்பதே கூட்டலைப் பெருக்கலாக மாற்றத்தான்.

இரண்டாவது, குறி. (3 − 𝑥)/(𝑥² − 9), 𝑥 → 3. கீழே (𝑥 − 3)(𝑥 + 3). மேலே இருப்பது (3 − 𝑥), அது (𝑥 − 3) இல்லை, −(𝑥 − 3). அடித்தால் −1/(𝑥 + 3), விடை −1/6. அவசரத்தில் 1/6 என்று எழுதி மதிப்பெண்ணை விடுபவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மூன்றாவது எழுத்து முறை பற்றியது. "எல்லை = 0/0 = −1/4" என்று சமக்குறி போட்டு எழுதாதீர்கள். 0/0 எதற்கும் சமம் இல்லை. "நேரடியாகப் பிரதியிட 0/0 என்ற தேறப்பெறாத வடிவம் வருகிறது" என்று ஒரு வாக்கியமாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். அதேபோல், 2-ஐப் பிரதியிடும் வரிக்கு முந்தைய வரி வரை எல்லைக் குறியை விடக் கூடாது, பிரதியிட்ட பிறகு அதை வைத்திருக்கவும் கூடாது.

இதெல்லாம் எதற்கு, லோபிதாள் விதி இருக்கிறதே, 0/0 வந்தால் மேலேயும் கீழேயும் தனித்தனியாக வகையிடலாமே, இங்கே வகையிட்டால் (2𝑥 − 5)/(2𝑥), 2-ஐப் போட்டால் அதே −1/4 வந்துவிடுகிறதே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், வரும். ஆனால் (𝑥² − 5𝑥 + 7)/(𝑥² − 4) என்று ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். வகையிட்டால் மறுபடி அதே (2𝑥 − 5)/(2𝑥), மறுபடி அதே −1/4. ஆனால் இது 0/0 இல்லை, 1/0. உண்மையில் இடப்பக்கம் −∞, வலப்பக்கம் +∞, எல்லையே இல்லை. விதியின் நிபந்தனையைச் சரிபார்க்காமல் இயந்திரம்போல வகையிடுபவருக்கு இது தெரியவே தெரியாது. காரணிப்படுத்துபவருக்கோ 𝑥² − 5𝑥 + 7-இல் (𝑥 − 2) கிடைக்காது, உடனே விழித்துக்கொள்வார். அந்த விதி வேண்டாம் என்று சொல்லவில்லை, எல்லை படிக்கத் தொடங்கும் கட்டத்தில் அது கண்ணை மறைக்கிறது என்கிறேன். இன்னொன்று, 𝑥-இன் அடுக்கை வகையிடும் சூத்திரமே எல்லையிலிருந்து பிறந்ததுதான்: 𝑥 → 2 எனும்போது (𝑥⁵ − 32)/(𝑥 − 2) எடுங்கள், மேலே (𝑥 − 2)(𝑥⁴ + 2𝑥³ + 4𝑥² + 8𝑥 + 16), அடித்தபின் ஐந்து உறுப்புகளும் ஒவ்வொன்றும் 16 ஆகிறது, மொத்தம் 80. அதுதான் 5 × 2⁴. நாம் காரணியை அடித்ததால்தான் அந்தச் சூத்திரம் கிடைத்தது, சூத்திரத்தை வைத்து அடிப்பதைத் தவிர்ப்பது கொஞ்சம் வேடிக்கை.

பல்லுறுப்புக்கோவை இல்லாத இடங்களிலும் இதே வேலைதான், காரணி மட்டும் கொஞ்சம் மறைந்திருக்கும். 𝑥 → 2 எனும்போது (√(𝑥 + 7) − 3)/(𝑥 − 2) என்றால் மேலும் கீழும் √(𝑥 + 7) + 3-ஆல் பெருக்குங்கள், மேலே 𝑥 + 7 − 9 = 𝑥 − 2 வந்து நிற்கும், அடித்தால் 1/(√(𝑥 + 7) + 3), விடை 1/6. பின்னத்துக்குள் பின்னம் இருந்தால், உதாரணமாக 𝑥 → 3 எனும்போது (1/𝑥 − 1/3)/(𝑥 − 3), மேலே ஒரே பின்னமாக்கினால் (3 − 𝑥)/(3𝑥), குறியைக் கவனித்து அடித்தால் −1/(3𝑥), விடை −1/9.

𝑥 → ∞ என்றால் கதை வேறு, அங்கே (𝑥 − 2)-க்கு வேலை இல்லை, மேலேயும் கீழேயும் பெரிய அடுக்கை வெளியே எடுக்க வேண்டும். நம் முதல் சார்பில் 𝑥²-ஐ எடுத்தால் (1 − 5/𝑥 + 6/𝑥²)/(1 − 4/𝑥²), எல்லை 1. உறுப்பை அடித்தவருக்கு 𝑥 → 2-இல் தப்பாகக் கிடைத்த அதே 1 இங்கே சரியான விடை, தற்செயல்தான்.

தேர்வில் இதைத் திருப்பிப் போட்டும் கேட்பார்கள்: 𝑥 → 2 எனும்போது (𝑥² + 𝑘𝑥 − 10)/(𝑥 − 2)-க்கு முடிவுறு எல்லை இருக்க வேண்டுமானால் 𝑘 என்ன? கீழே பூஜ்ஜியம் ஆகிறது, மேலே ஆகாவிட்டால் முடிவிலிக்கு ஓடிவிடும், ஆகவே மேலேயும் பூஜ்ஜியம் ஆக வேண்டும்: 4 + 2𝑘 − 10 = 0, 𝑘 = 3. பிறகு (𝑥 − 2)(𝑥 + 5), எல்லை 7.

கடைசியாக ஒன்றை நீங்களே போட்டுப் பாருங்கள்: 𝑥 → 2 எனும்போது 1/(𝑥 − 2) − 4/(𝑥² − 4). பார்வைக்கு 0/0 எங்கும் இல்லை, இரண்டு துண்டும் தனித்தனியாக முடிவிலிக்கு ஓடுகின்றன. முதலில் ஒரே பின்னமாக்குங்கள், மேலே என்ன வருகிறது என்று பார்த்ததுமே மீதி உங்களுக்கே தெரிந்துவிடும். விடை 1/4, இந்தத் தடவை எதிர்க்குறி கிடையாது.